என் தப்பையாவது ஒழுங்கா எடுங்க

என் கடைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தவர்களில், என் கையிலிருந்து டேப்பைப் பிடுங்கித் தன் அளவைத் தானே எடுத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

திருவண்ணாமலை செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது என் கடை. வெள்ளைக்காரர்களுக்குத் தொளதொளப் பேண்ட்டும் உள்ளூர்ப் பெண்களுக்கு ஜாக்கெட்டும் தைக்கிறேன். ஒரு சித்திரை மாத மத்தியானம் அவர் படியேறி வந்தார். அறுபதைத் தாண்டிய வயது. முதுகு மட்டும் முப்பது வயதில் நின்றுவிட்டது போல நிமிர்ந்திருந்தது. மூக்கில் சிவப்புக்கல் மூக்குத்தி. தோள் அளவெடுக்க நான் கை நீட்டியதும் டேப் அவர் கைக்குப் போய்விட்டது.

"நான் சொல்றேன், நீ எழுதிக்கோ. திருப்பி சத்தமா சொல்லாத."

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்காது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், டிவியில் எந்தப் படம் போட்டாலும் கதாநாயகியைக் கொடுமைப்படுத்துகிற அண்ணியாகவோ சித்தியாகவோ அந்தக் குரல் வந்துவிடும். என் அம்மா டிவியைப் பார்த்துத் திட்டுவார்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவரைக் கேட்காமல் எடுத்துப் பயன்படுத்தியவர்கள் போதும். அவர் காலமாகி மூன்று வருடம் ஆகிறது. அன்றைக்கு டிவியில் செய்தி சொன்னபோது, அவர் நடித்த படங்கள் எதையும் காட்டவில்லை. அவரைப் போல வேஷம் போட்ட வேறொரு நடிகை இந்த ஊர் கிரிவலப் பாதையில் பிச்சை எடுக்கிற சினிமாக் காட்சியைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டேப் விஷயத்தை அவர் பிறகொரு நாள் சொன்னார். ஸ்டூடியோவில் துணி தைக்கிறவர் அளவெடுத்து, அந்தக் கோடியில் நோட்டோடு உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கிற மாதிரி ஒவ்வொரு எண்ணாகக் கத்துவாராம். லைட் போடுகிறவர்கள், டிரைவர்கள் எல்லோரும் சிரிப்பார்களாம். மூன்றாவது படத்தில் இவர் டேப்பைப் பிடுங்கிவிட்டார்.

"அன்னிக்கே எனக்குப் பேர் வெச்சுட்டாங்க, திமிர் புடிச்சவன்னு."

"கோவம் வரலையாம்மா உங்களுக்கு?"

"எதுக்கு வரணும்? திமிர் இருந்துச்சு. இருந்ததாலதான டேப் என் கைக்கு வந்துச்சு?"

கடைக்குப் பின்னால் இருந்த வீட்டின் மாடிப் போர்ஷனில்தான் குடியிருந்தார். வயதான நடிகை திருவண்ணாமலைக்கு வந்தால், எல்லாவற்றையும் துறந்துவிட்டு வந்திருப்பதாக ஊர் நினைத்துக்கொள்ளும். ஆட்டோக்காரர்கள்கூட "எப்பம்மா தீட்சை வாங்கினீங்க?" என்று கேட்பார்கள். "சென்னைல வாடகை ஜாஸ்தி, இங்க கம்மி. மலை நல்லாருக்கு, அது வேற விஷயம்" என்பார் அவர். வேறு எந்த விளக்கமும் கிடையாது.

மார்க்கெட்டில் ஒருநாள் கீரை விற்கிற அம்மா இவரை அடையாளம் கண்டுபிடித்துவிட்டார். "ஏம்மா, அந்தப் பொண்ண அடுப்புல தள்ளப் பாத்தியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று கூட்டத்துக்கு நடுவே சண்டைக்கு வந்தார். நான் பயந்து இவர் கையைப் பிடித்து இழுத்தேன். இவர் நகரவில்லை.

"பாத்தப்போ என்னைக் கொல்லணும்னு தோணுச்சா உனக்கு?"

"பின்ன தோணாதா?"

"அப்ப நல்லாத்தான் பண்ணியிருக்கேன். ரெண்டு கட்டு முளைக்கீரை குடு."

இவரோடு பழகுவது சுலபமில்லை. கழுத்து இறங்கிவிட்டது என்று திட்டி, ஒரு ஜாக்கெட்டை என் மேசைமேல் வீசிவிட்டுப் போய், பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. பன்னிரண்டாவது நாள் கடை நிறையப் பெண்கள் இருக்கும்போது வந்து நின்றார். "நீ தெச்சது சரி. நான் சொன்ன அளவுதான் தப்பு. பழைய நெனப்புல சொல்லிட்டேன்" என்றார். திட்டினபோது எந்தச் சத்தத்தில் திட்டினாரோ அதே சத்தம். குழைவும் இல்லை, சிரிப்பும் இல்லை. இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

அந்தப் படம் வந்தது அவர் குடிவந்த நான்காவது வருடம். மறைந்துபோன ஒரு பெரிய கதாநாயகனின் வாழ்க்கைக் கதை. பெயர்களை மாற்றியிருந்தாலும் யார் யாரென்று எல்லோருக்கும் தெரிந்தது. அதில் ஒரு நடிகை வருகிறாள். மூக்கில் சிவப்புக்கல் மூக்குத்தி. குடிக்கிறாள். படப்பிடிப்புக்குத் தாமதமாக வருகிறாள். சாப்பாடு பிடிக்கவில்லை என்று மேக்கப்மேன் முகத்தில் கொதிக்கிற சாம்பாரை ஊற்றுகிறாள். கதாநாயகன் பெருந்தன்மையாக அவளை மன்னித்துக்கொண்டே இருக்கிறான். கடைசியில் எல்லாவற்றையும் இழந்து, திருவண்ணாமலையில் பிச்சைக்காரர்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவன் கார் நிற்கிறது. கண்ணாடியை இறக்கி, அவள் தட்டில் ஒரு நோட்டைப் போடுகிறான். அவள் தேம்பித் தேம்பி அழுகிறாள்.

ஒரே வாரத்தில் ஊர் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. மாடிப்படியில் யாரோ சாம்பார் சாதப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனார்கள். யூடியூப் சேனலிலிருந்து இரண்டு பேர் மைக்கோடு வந்தார்கள்.

"அம்மா, இப்ப சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?"

"இட்லி இருக்கு. உக்காருங்க, சாப்பிடலாம்."

"இல்லம்மா, அந்தப் படியில உக்காந்து கொஞ்சம் சோகமா கீழ பாருங்க, போதும்."

"சோகமா பாக்கறதுக்கு நான் சம்பளம் வாங்குவேன். கீழ எறங்குங்க."

மறுநாள் என் கடைக்கு வந்து, "டெய்லரம்மா, மிஷினை மூடு. மேட்னி ஷோ போலாம்" என்றார். எனக்கு மனசே இல்லை. ஆனால் அவரைத் தனியாக அனுப்பவும் மனசு வரவில்லை.

தியேட்டரில் படம் தொடங்குவதற்கு முன்பே தலைகள் திரும்ப ஆரம்பித்துவிட்டன. இவர் பாப்கார்ன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் அந்த நடிகை மேக்கப் அறைக் கண்ணாடியின் முன்னால் அழுதுகொண்டே முகத்துச் சாயத்தைத் துடைக்கிறாள், கண்ணாடியை உடைக்கிறாள். தியேட்டரே அமைதியாக இருந்தது. இவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"மேக்கப் கலைக்கணும்னா தேங்காண்ணெ வேணும், பஞ்சு வேணும். அழுதா கலையாதும்மா. கண்ணு எரியும், அவ்ளோதான்."

பிச்சை எடுக்கிற காட்சியில் முன் வரிசைப் பெண் ஒருத்தி திரும்பி இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எப்படி இருந்தீங்கம்மா, கடைசில இப்படி ஆயிட்டீங்களே!"

"எப்படி ஆயிட்டேன்? உன் பின்னாடி சீட்ல பாப்கார்ன் துன்னுட்டு உக்காந்திருக்கேன். திரும்பி படத்தப் பாரு."

நான் சிரித்துவிட்டேன். வெளியே வந்தபோது அவர் சிரிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, முப்பது வருடம் அவருக்கு மேக்கப் போட்டவர் சென்னையிலிருந்து போன் செய்தார். இவர் கையில் மாவு இருந்ததால் ஸ்பீக்கரில் போடச் சொன்னார். நானும் கேட்டேன்.

"அம்மா, என் மூஞ்சில சாம்பார் ஊத்தினதா எடுத்திருக்காங்கம்மா. பேரப்புள்ளைங்க வந்து 'வலிச்சுதா தாத்தா'ன்னு கேக்குதுங்க. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலம்மா."

"உன்னக் கேட்டா கதை மாறிடுமே, எப்படிக் கேப்பாங்க?"

நடந்தது வேறு. இவருக்குச் சூடான சாப்பாடு கொடுத்துவிட்டு, மேக்கப்மேனுக்கு முந்தின நாள் ஊசிப்போன சோற்றைக் கொடுத்திருக்கிறார் படக்கம்பெனி மேனேஜர். இவர் கேரியரைத் தூக்கி மேனேஜர்மேல் எறிந்திருக்கிறார். "அது சாம்பார்கூட இல்லம்மா, ரசம்" என்று போனில் அழுகையும் சிரிப்புமாகச் சொன்னார் அந்தப் பெரியவர்.

போனை வைத்ததும், "எறிஞ்சது நெசம். ஆளத்தான் மாத்திட்டாங்க" என்றார் இவர். மாவைப் பிசைந்துகொண்டே இருந்தார். சப்பாத்தி மாவுக்கு அத்தனை பிசைதல் தேவையில்லை.

படம் நன்றாக ஓடிய சந்தோஷத்தில் அதன் டைரக்டர் கோயிலுக்கு வந்திருப்பதாகவும் ஒரு ஓட்டலில் தங்கியிருப்பதாகவும் அடுத்த மாதம் செய்தி வந்தது. இவர் காலை பத்து மணிக்கு இஸ்திரி போட்ட புடவையில் என் கடை வாசலில் நின்றார். "நீயும் வா. நான் கத்தினேன்னு நாளைக்கி யாராவது சொன்னா, கத்தலன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்."

நாற்பது வயதுகூட இருக்காது அந்த டைரக்டருக்கு. நெற்றி நிறையத் திருநீறு. இவரைப் பார்த்ததும் எழுந்து வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டார். மரியாதை தெரிந்த பிள்ளை என்றுதான் எனக்குப் பட்டது.

"அம்மா, அது நீங்க இல்லம்மா. கற்பனைப் பாத்திரம். படம் ஆரம்பிக்கறப்பவே எழுத்து போட்டிருக்கோம்."

"மூக்குத்தியும் கற்பனையா?"

அவர் எங்களுக்கு நாற்காலி காட்டிவிட்டுத் தானும் உட்கார்ந்தார். "ஒரு நெகட்டிவ் கேரக்டர் இருந்தாத்தாம்மா ஹீரோ எழுந்து நிப்பாரு. உங்களுக்குத் தெரியாததா? நீங்க பண்ணாத நெகட்டிவ் கேரக்டரா?" என்றார்.

"பண்ணேன். சம்பளம் வாங்கிட்டு, இன்னொருத்தன் எழுதின கெட்டவளா நடிச்சேன். முடிஞ்சதும் அவள அங்கயே விட்டுட்டு வீட்டுக்கு வந்தேன். நீ என் வீட்டுக்குள்ள வந்து ஆள எடுத்துட்டுப் போயிருக்க." சத்தம் உயரவே இல்லை. "உன் ஹீரோ டைரக்டர காக்க வெச்சா அது கம்பீரம்னு வசனம் எழுதியிருக்க. செட்டுல அந்தாளு கால்மேல கால் போட்டுட்டு உக்காந்தா பின்னாடி மியூசிக் போட்டிருக்க. அதே திமிர் என்கிட்ட இருந்தா என்னைப் பிச்சை எடுக்க வெச்சிருக்க. ஏம்ப்பா?"

"மக்கள் அப்படித்தாம்மா எதிர்பாக்கறாங்க."

"நான் நல்லவன்னு எடுக்கச் சொல்லல. அந்தப் பொய்யும் வேணாம். கெட்டது பண்ணியிருக்கேன். ஆனா நான் குடிச்சதில்ல, நீ குடிக்க வெச்சிருக்க. நான் ஒரு பொண்ணோட பொழப்பக் கெடுத்தேன், அது உன் படத்துல எங்க? என் தப்பையாவது ஒழுங்கா எடுத்திருக்கலாமே!"

டைரக்டர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். கண்ணில் ஒரு வெளிச்சம். "எந்தப் பொண்ணும்மா? என்னாச்சு? சொல்லுங்க" என்று செல்போனை எடுத்து ரெக்கார்டிங் போட்டு மேசைமேல் வைத்தார்.

இவர் அந்த போனைப் பார்த்தார். பிறகு எழுந்துகொண்டார்.

"உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்? அவகிட்டயே இன்னும் சொல்லல."

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் அவர் முகத்தைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்குத் தெரிந்த இவர் அநியாயமாகப் பழி சுமந்தவர். எதையும் கேட்காமல் அப்படியே வைத்துக்கொள்ளத்தான் எனக்கு ஆசை. அவர் விடவில்லை.

"பத்தொம்பது வயசுப் பொண்ணு. அப்ப எனக்கு முப்பது தாண்டிடுச்சு. ஒரு படத்துல எனக்குத் தங்கச்சியா மூணு சீன். முதல் நாளே கேமராமேன் சொன்னாரு, இந்தப் பொண்ணு மொகத்துல லைட்டு தானா வந்து உக்காருதுன்னு. மறுநாள் அவ இருந்தா நான் வரமாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டேன். மத்தியானமே அவள ஊருக்கு ரயில் ஏத்திட்டாங்க. அப்புறம் எந்தக் கம்பெனிலயும் அவளக் கூப்பிடல."

"அவங்க உங்களுக்கு எதாவது கெடுதல் பண்ணாங்களாம்மா?"

"அழகா இருந்தா."

அன்றே மேக்கப்மேனுக்குப் போன் போட்டார். அந்தக் காலத்து ஆட்கள் எல்லோருடைய விவரமும் அவரிடம் உண்டு. அந்தப் பெண் கல்யாணமாகி, கணவரோடு போளூரில் பாத்திரக்கடை வைத்திருப்பதாகச் சொன்னார். இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேர தூரம். இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள்.

அந்த வார வியாழக்கிழமை போனோம். கடைத்தெருவில் பெரிய கடை. எவர்சில்வர் குடங்களும் அண்டாக்களும் வாசல்வரை அடுக்கியிருந்தன. ஒரு கல்யாணச் சீர்வரிசைக்குப் பாத்திரம் எடுக்க நான்கைந்து பேர் வந்திருந்தார்கள். கல்லாவில் ஐம்பது வயது தாண்டிய அம்மா ஒருவர். முடி நரைத்திருந்தது. கேமராமேன் சொன்னது பொய்யில்லை என்று எனக்குப் பட்டது.

அந்தக் கடைக்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"யாருன்னு தெரியுதா?" என்றார் இவர்.

"தெரியாம இன்னா?" என்றார் கடைக்காரம்மா. "மன்னிப்பு கேக்க வந்தீங்களா?"

"இல்ல. கேட்டா நீ குடுத்தாகணும்னு ஆயிடும். உன்ன அந்தப் படத்துல இருந்து தூக்கினது நான்தான். வேற யாரும் சொல்லல, நான்தான் சொன்னேன். அத உன் மூஞ்சிக்கு நேரா சொல்ல வந்தேன்."

"அது எனக்குத் தெரியும்ங்க. எங்கம்மா அன்னிக்கு உங்களப் பாத்துக் கெஞ்சலாம்னு ஸ்டூடியோ கேட்டுல நின்னுச்சு. உங்க காரு வந்துச்சு. நீங்க எங்கம்மாவப் பாத்தீங்க. பாத்துட்டு கண்ணாடிய ஏத்திக்கிட்டீங்க."

"ஆமா. ஏத்தினேன்."

இதை அவர் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. மறந்துபோயிருந்தாரா, மறைத்தாரா தெரியாது. "ஆமா" என்று சொல்ல அவருக்கு ஒரு கணம்கூட ஆகவில்லை.

கடைக்காரம்மா எழுந்து நின்றார். "அந்தப் படம் வந்துச்சில்ல, நீங்க பிச்சை எடுக்கற படம்? மூணு தடவ பாத்தேன். வேலூர் போய்ப் பாத்தேன், மறுபடி இங்க ரெண்டு தடவ பாத்தேன். தட்டுல நோட்டு விழறப்போ கையத் தட்டினேன். என் வூட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பாத்தாரு. எங்கம்மா இருந்து பாக்கலையேன்னு இருந்துச்சு எனக்கு. முப்பது வருசத்துக்கு அப்புறம் அன்னிக்குத்தான் நல்லாத் தூங்கினேன்."

"அது பொய்" என்றார் இவர். "நான் பிச்சை எடுக்கல. நல்லா இருக்கேன். மூணு வேளையும் சாப்பிடறேன். உடம்புல ஒண்ணும் இல்ல."

நான் இவர் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். இதைப் போய் ஏன் சொல்ல வேண்டும்? ஒரு பொய் ஒருத்திக்கு ஆறுதலாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று எனக்கு இருந்தது. இவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"அப்ப அதையும் கெடுக்கத்தான் இவ்ளோ தூரம் வந்தீங்களா?" என்றார் கடைக்காரம்மா. "எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்."

"உனக்கு என்மேலதான கோவம்? என்மேல கோவப்படு. அவ மேல வேணாம். அவ யாரோ ஒருத்தன் செஞ்ச பொம்ம. நீ கை தட்டினா அவளுக்குக் கேக்காது. எனக்குக் கேக்கும். இதோ நிக்கிறேன்."

சீர்வரிசைக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். உள்ளேயிருந்து கடைக்காரம்மாவின் கணவர் எட்டிப் பார்த்தார்.

"நீ நல்லாருப்பியாடி?" என்று ஆரம்பித்தார் கடைக்காரம்மா.

அதுவரை 'நீங்க' என்றுதான் பேசிக்கொண்டிருந்தார். அதன் பிறகு வந்த வார்த்தைகளை நான் எழுத முடியாது. ரயிலில் அழுதுகொண்டே வந்தது, ஊருக்குள் எல்லோரும் 'சினிமாக்காரி' என்று பேர் வைத்தது, வந்த வரன்கள் எல்லாம் அந்த ரெண்டு நாள் கதையைக் கேட்டுத் திரும்பிப் போனது, அம்மா அந்த ஸ்டூடியோ கேட்டைச் சாகிற வரைக்கும் சொல்லிச் சொல்லி அழுதது, எல்லாம் வெளியே வந்தது. இவர் புடவைத் தலைப்பை இழுத்துக்கொள்ளவில்லை, தலையைக் குனியவில்லை, கண்ணைத் துடைக்கவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் மெல்லத் தலையாட்டினார். தெருவில் போனவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் இவரை அடையாளம் கண்டுகொண்டு போனைத் தூக்கினார். இவர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

மூச்சு வாங்கக் கல்லா மேசையைப் பிடித்துக்கொண்டார் கடைக்காரம்மா. கணவர் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை இவர் காத்திருந்தார்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

"இல்ல."

"சரி. சொல்லு" என்றார் இவர். தோளிலிருந்த பையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, ஒரு அடி முன்னால் போய் நின்றார்.